ஆடலும் ஆடையும்



'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆடற்கலையைப் பொறுத்தமட்டில் இப்பழமொழி எவ்வளவு தூரம் உண்மையாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களை இவ்வாராய்ச்சிக்குத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு பள்ளி விழாவில் ஆடவிருந்த மாணவியருக்குப் பரதநாட்டிய உடை வாங்கும் பொருட்டு, ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலருமாகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குச் சென்றிருந்தோம். அச்சாலையிலிருந்து பிரிந்து செல்லும் மார்க்கெட் தெருவில் துணிக்கடைகள் நிறைந்திருப்பதை யாவரும் அறிவர். தோட்டத்திலிருந்து படகேறி வந்திருந்த ஒரு தாயார், அங்குத் தைத்து வைத்திருந்த நாட்டிய உடையொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார், விலையைக் கேட்டார், மடிப்புக் கலையாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். வெளியே வந்ததும், "என் மகளைப் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், டீச்சர். ஆட்டம் வேண்டாம்" என்றார். எட்டு வயது நிரம்பிய அவர் மகள் எங்களை நிமிர்ந்து நோக்கி, "அந்தக் காலத்திலும் இந்த உடுப்பு இருந்தால்தான் ஆட விடுவார்களா, டீச்சர்?" என்று கேட்டாள்.

அவ்வினாவுக்கு அன்று எங்களால் தக்க விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, நாங்கள் சற்றும் எதிர்பாராத செய்திகள் பல கிடைத்தன. அவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

கடையில் கண்ட அந்த உடை, விசிறி மடிப்புடன் தைக்கப்பட்ட அந்த உடை, ஆயிரமாண்டுப் பழமை வாய்ந்ததன்று. அது தோன்றி நூறாண்டு கூட நிறையவில்லை. ஆடலோ மிகப் பழமையானது, ஆடை புதியது. அது பிறந்த வரலாற்றை அறிய வேண்டுமாயின், நாம் ஐரோப்பியரின் பாலே நடனத்தையும் அறிதல் வேண்டும். ஏனெனில் நம் நாட்டிய உடையின் கதையும், பாலே நங்கையர் அணியும் 'டூட்டூ' எனும் பாவாடையின் கதையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

டூட்டூ தோன்றிய வகை

இடையைச் சுற்றிக் குடைபோல் விரிந்து நிற்கும் வலைத்துணிப் பாவாடையே டூட்டூ ஆகும். தொலைக்காட்சியில் அதனை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொடக்கத்தில் அது அவ்வாறு இருக்கவில்லை.

பாலே நடனம் ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்த கலை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661ஆம் ஆண்டு நடனத்திற்கென ஒரு கழகத்தையே நிறுவினார். அக்காலத்தில் மேடையேறிய பெண்கள், அரண்மனைச் சீமாட்டிகளைப் போன்று தரையைத் தொடும் கனத்த பாவாடையும் குதியுயர்ந்த காலணியும் அணிந்தனர். பாதம் செய்யும் வித்தை எதுவும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

1726ஆம் ஆண்டு பாரிஸ் ஓப்பரா மேடையில் அரங்கேறிய மரி கமார்கோ என்னும் நங்கை, ஆடவருக்கு நிகராகத் துள்ளிக் குதித்து ஆட வல்லவர். மேலெழும்பும்போது இரு பாதங்களையும் காற்றிலேயே மாற்றி மாற்றிப் பின்னும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. பிறர் காண இயலாத வித்தையால் பயன் என்ன? அவர் தம் பாவாடையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே உயர்த்திக் கொண்டார். இன்று இது மிகச் சிறிய மாற்றமாகத் தோன்றலாம். அந்நாளிலோ அது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று.

அதன்பின் 1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், 'லா சில்பீட்' என்னும் பாலே பாரிஸ் நகரில் அரங்கேறியது. அதில் மரி தாக்லியோனி என்னும் நங்கை, காற்றில் வாழும் தேவதையாகத் தோன்றினார். மெல்லிய வெண்துணியைப் பல அடுக்குகளாகத் தைத்து, மணியின் வடிவில் முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கவிட்ட பாவாடை அவருடையது. கால்விரல் நுனியில் நின்று அவர் ஆடியபோது, பாவாடை பனிமூட்டம்போல் அசைந்தது. கால்கள் தரையில் படுகின்றனவா என்றே ஐயுற வைத்தது. டூட்டூவின் முதல் வடிவம் இதுவே.

அத்தகைய பாவாடைகளுக்குப் பயன்பட்ட மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணி, முதன்முதலில் வங்காளத்து டாக்கா நகரிலிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்றது. பிற்காலத்தில் ஐரோப்பிய ஆலைகளே அதனை நெய்யத் தலைப்பட்டன.

ஒரே கடற்கரை, இரு பயணங்கள்

துணியைப் பற்றிப் பேசுகையில், நாம் நின்ற சாலையின் வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். முன்னர் பிட் தெரு என்று வழங்கிய அச்சாலைக்கு இப்போதைய பெயரைத் தந்த பள்ளிவாசல், 1801ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய காதர் முகைதீன், இங்குக் குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக விளங்கியவர். 1786ஆம் ஆண்டில் பினாங்கு ஆங்கிலேயர் வசமானபின், நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கடலூர் முதலிய சோழமண்டலக் கரை ஊர்களிலிருந்து மரக்கலம் ஏறி வந்த வணிகர் பலர். அவர்கள் கொணர்ந்த சரக்குகளில் முதன்மையானது துணி. இன்றும் அவ்வட்டாரத்தில் சேலைக் கடைகள் வரிசையாக இருப்பது தற்செயலன்று.

வணிகர் கிழக்கு நோக்கி வந்த அதே கடற்கரையிலிருந்து, ஆடற்பெண்டிர் ஐவர் மேற்கு நோக்கிச் சென்றனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1838ஆம் ஆண்டில், கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஐந்து தேவதாசியரும் இசைவாணர் மூவரும் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பிரான்சு நாடு சென்றனர். அவர்களுள் மூத்தவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. இளையவளோ ஏறத்தாழ ஆறு வயதுச் சிறுமி. நம் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவியின் வயதை இன்னும் எட்டாதவள்!

பாரிஸ் மக்கள் வியந்து நோக்கினர். தாக்லியோனியோ தரையை விட்டு மேலே எழும்புவதையே தம் கலையின் சிறப்பாகக் கொண்டவர். நம் பெண்டிரோ வெறுங்காலுடன் தரையை மிதித்து, சலங்கை ஒலிக்க ஆடினர். அகன்ற காற்சட்டையும் இறுக்கமான சிறு ரவிக்கையும், அவற்றின்மேல் சுற்றிய துகிலும் அவர்தம் உடைகள். அம்மணி என்பவரின் ஆட்டத்தைத் தெயோபில் கோத்தியே என்னும் பெரும் எழுத்தாளர் வியந்து எழுதினார். ஷான் ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி அம்மணியின் உருவத்தை வெண்கலத்தில் வடித்தார். அதற்கு முந்திய ஆண்டில் தாக்லியோனியின் உருவத்தை வடித்தவரும் அதே சிற்பிதான். பாலே நங்கையின் பாவாடையும் தமிழ் நங்கையின் துகிலும் ஒரே சிற்பியின் கையால் அடுத்தடுத்து வெண்கலமாயின.

தீயில் கருகிய மலர்

டூட்டூவின் கதையில் துயரமும் உண்டு. அக்காலத்து மேடைகளில் மின்விளக்கு இல்லை. எரிவாயு விளக்குகளே எரிந்தன. காற்றுப் பட்டாலே விரியும் மெல்லிய துணிக்கு அத்தீ எமனாயிற்று. தீப்பிடிக்காதவாறு துணியை மருந்துநீரில் தோய்த்துப் பதப்படுத்தும் முறையும் கண்டறியப்பட்டிருந்தது. ஆயின், அவ்வாறு தோய்த்த துணி விறைத்து, வெண்மை மங்கிப் போகும். ஆகவே நங்கையர் பலர் அதனை அணிய மறுத்தனர்.

அவ்வாறு மறுத்தவர்களுள் ஒருவர் எம்மா லிவ்ரி. அவர் தாக்லியோனியின் அருமை மாணவி. 1862ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், ஒத்திகையின்போது அவருடைய பாவாடை விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. எட்டு மாதங்கள் வேதனையுற்று, 1863ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபதே. கருகி எஞ்சிய அவ்வுடையின் துணுக்குகள் பாரிஸ் ஓப்பராவின் காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அழகுக்காகப் பாதுகாப்பைக் கைவிடுதல் கூடாது என்னும் பாடத்தை அவை உணர்த்துகின்றன. தீபாவளியன்று மத்தாப்புக் கொளுத்தும்போது தாவணியை இடையில் செருகிக்கொள்ளுமாறு அன்னையர் கூறுவதும் இதன் பொருட்டே.

குட்டைப் பாவாடையும் கம்பி வளையமும்

காலத்தின் போக்கில் பாலேயின் அடவுகள் கடினமாயின. பன்முறை சுழலுதல், காலை உயரத் தூக்குதல் ஆகியவற்றுக்கு நீண்ட பாவாடை தடையாயிற்று. 1885ஆம் ஆண்டில் உருசிய நாடு சென்ற விர்ஜீனியா சுக்கி என்னும் இத்தாலிய நங்கை, குட்டைப் பாவாடையுடன்தான் ஆடுவேன் என்று உறுதியாக நின்றார். பாவாடை முழங்கால் வரை உயர்ந்தது. பின்னர் அதற்கும் மேலே உயர்ந்தது. அடுக்கடுக்காக வலைத்துணி தைத்து, இருபதாம் நூற்றாண்டில் அதனுள் கம்பி வளையமும் செருகி, தட்டுப்போல் இடையைச் சுற்றி நிற்கச் செய்தனர்.

அதிலும் ஒரு குறை இருந்தது. பலர் சேர்ந்து ஆடுகையில் ஒருவர் பாவாடை மற்றொருவர் பாவாடையில் மோதினால், கம்பி வளையம் ஒருபுறம் சாய்ந்து மறுபுறம் தூக்கிக்கொள்ளும். பார்பரா கரின்ஸ்கா என்னும் உடையமைப்பாளர் இதற்கு ஒரு வழி கண்டார். 1950ஆம் ஆண்டில், வளையத்தை நீக்கி, ஒன்றையொன்று தாங்கி நிற்கும் குறுகிய வலையடுக்குகளால் மென்மையான டூட்டூவை அவர் அமைத்தார்.

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஆடையின் மாற்றங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தேவை இருந்தது. பாதம் தெரிய வேண்டும் என்பது கமார்கோவின் தேவை. மோதினாலும் சாயாதிருக்க வேண்டும் என்பது கரின்ஸ்கா கண்ட தேவை. ஆடலே முன் சென்றது. ஆடை அதன் பின் வந்தது.

நம் நாட்டிய உடை பிறந்த வரலாறு

இனி நம் கதைக்கு வருவோம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி பூந்துகிலின்மேல் முப்பத்திரண்டு வடங்கொண்ட முத்துக்கோவையை இடையில் அணிந்த செய்தி கூறப்படுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் நானூறு ஆடற்பெண்டிரைக் குடியமர்த்தியதைக் கல்வெட்டு கூறுகின்றது. இவை நம் கலையின் தொன்மைக்குச் சான்றுகள். ஆயினும் அவர்கள் எவரும் விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடையை அணிந்தவரல்லர்.

சதிர் என்று வழங்கிய இக்கலையைத் தேவதாசியரும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் காற்சட்டையின்மேல் முழுச்சேலையைச் சுற்றி, முன்புறம் கனத்த கொசுவம் தொங்கும்படி கட்டி ஆடினர்.

1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்த உருக்குமணி தேவி, 1928ஆம் ஆண்டு பம்பாயில் அன்னா பாவ்லோவாவின் பாலே நடனத்தைக் கண்டார். இறக்கும் அன்னப்பறவையாக ஆடி உலகப் புகழ் பெற்ற உருசிய நங்கை அவர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய நேர்ந்தது, நட்பு மலர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் உருக்குமணி தேவி பாலே பயிலத் தொடங்கினார். உம் நாட்டுக் கலையைத் தேடிக் கற்பீராக என்று அவரை ஊக்கியவரும் பாவ்லோவாவே. அன்னத்தின் வெள்ளை டூட்டூவை அணிந்த அம்மையார், தம் உடையையே அணிந்துகொள் என்று கூறவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாயகம் திரும்பிய உருக்குமணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் பயின்றார். 1935ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னை அடையாற்றில் மேடையேறினார். அவருக்கென உடையமைப்பதில், கோயிற் சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்து அவர் கண்ட கருத்துகளுக்குத் தையல் வடிவம் கொடுக்க உதவியவர் மேடம் கசான் என்னும் இத்தாலியப் பெண்மணி ஆவார். 1936ஆம் ஆண்டில் கலாட்சேத்திரம் தோன்றியது. அங்கு உருவான தையல் உடையும் அதன் வழிவந்த வகைகளுமே இன்று உலகெங்கும் பரவியுள்ளன.

விசிறி எவ்வாறு வேலை செய்கின்றது?

சேலையைக் கத்தரித்து, ரவிக்கை, காற்சட்டை, மேலாக்கு, இடைக்கச்சு, விசிறி எனத் தனித்தனியாகத் தைக்கின்றனர். விசிறி இரு கால்களுக்கும் இடையே அமைகின்றது. பாதங்களைச் சேர்த்து நேராக நிற்கும்போது மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தொங்கும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் அமர்ந்தவுடன், விசிறி இரு முழங்கால்களுக்கிடையே விரியும். அரைமண்டி சரியாக இருந்தால் விசிறி அழகாக விரியும். ஆடுபவர் சோம்பி நிமிர்ந்துவிட்டால் விசிறியும் சுருங்கிவிடும்.

பாலேயிலும் கால்களை வெளிப்புறமாகத் திருப்பியே ஆடுகின்றனர். டூட்டூ மேலே விலகி நின்று கால்களைக் காட்டுகின்றது. நம் விசிறியோ கால்களுக்கிடையே விரிந்து அவற்றின் நிலையைக் காட்டுகின்றது. விண்ணை நோக்கித் தாவும் ஆட்டத்திற்கு ஓர் உடை. மண்ணை மிதித்து ஆடும் ஆட்டத்திற்கு வேறோர் உடை. இரண்டின் வேலையும் ஒன்றே. மலேசியக் கலைஞர் இரம்லி இப்ராகிம் பாலேயும் பயின்றவர்; அடையாறு இலட்சுமணனிடம் பரதமும் பயின்றவர். 1983ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவியவர். இருவகை ஆடலும் ஓருடலில் பொருந்தக் கூடும் என்பதற்கு அவரே சான்று.

நாம் மறக்கலாகாதவர்

புதிய உடையைப் போற்றும் வேளையில், இக்கலையை நமக்குக் காத்துத் தந்த பெண்டிரை நாம் மறத்தல் கூடாது. மேடையும் உடையும் மாறிய அதே காலத்தில், அக்கலையையே வாழ்வாகக் கொண்டிருந்த குடும்பங்கள் பல மேடையை இழந்தன. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டம் தடை செய்தது. கொடுமை ஒழிந்தது நன்றே. ஆயின் கலையைக் காத்த கைகளுக்கு உரிய நன்றி கிட்டவில்லை. அம்மரபில் வந்த தஞ்சாவூர் பாலசரசுவதி, சேலையைச் சுற்றிக் கட்டும் பழைய முறையையே பின்பற்றி உலக மேடைகளில் ஆடினார். விசிறி மடிப்பு இல்லாத குறையை அவர் ஆட்டத்தில் கண்டவர் எவருமில்லை.

சிறுமிக்கு எங்கள் விடை

எட்டு வயதுச் சிறுமி கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அந்தக் காலத்தில் அவ்வுடுப்பே இல்லையம்மா. உன் பாட்டியின் பாட்டி காலத்தில் ஆடியவர்கள் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். தாளம் தவறாத காலும், நிமிர்ந்த முதுகும், பொருள் உணர்ந்த முகமுமே ஆடலுக்கு இன்றியமையாதவை. உடை அவற்றுக்குத் துணை செய்வது, அவ்வளவே.

இவ்விடையை நாங்கள் ஏட்டளவில் நிறுத்தவில்லை. இவ்வாண்டு விழாவில் ஆடும் மாணவியர் அனைவரும் கடையில் தைத்த உடையைத் தவிர்த்து, வீட்டிலுள்ள பருத்திச் சேலையைக் காற்சட்டையின்மேல் ஒரே முறையில் கட்டி ஆடுவது என முடிவு செய்தோம். அன்னையர் சிலர் சனிக்கிழமைகளில் பள்ளிக்கு வந்து, அளவு பார்த்து, கொசுவத்தைத் தைத்து நிலைநிறுத்தித் தந்தனர். கடையில் உடையை வைத்துவிட்டு வந்த அத்தாயாரின் கைவேலையே அவற்றுள் சிறந்து விளங்கியது. அவர் மகள் முன்வரிசையில் ஆடினாள். அவள் கட்டியிருந்தது தாயின் பச்சைச் சேலை.

வசதியுள்ளோர் பட்டுடை வாங்குவதை நாங்கள் குறை கூறவில்லை. நல்ல நெசவும் நல்ல தையலும் கலைகளே. அவற்றால் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. உடை இல்லையே என்று ஒரு குழந்தையை மேடையிலிருந்து விலக்குதல் மட்டும் ஆகாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது மற்றொரு பழமொழி. ஆடத் தெரிந்தவளுக்கோ கூடமும் தடையன்று, ஆடையும் தடையன்று. மாணவச் செல்வங்களே, முதலில் அரைமண்டியில் நன்கு அமரப் பழகுங்கள். விசிறி தானே விரியும்.